இரண்டாவது பெயர்

எனக்கு மலை ஒத்துக்கொள்ளாது, சார். காட்மாண்டுவை ஒட்டிய நாகர்கோட் குன்று வரைக்கும் போனாலே தலை கனக்க ஆரம்பித்துவிடும். பத்தொன்பது வருடமாக ஊர் உலகத்தையெல்லாம் மலைக்கு அனுப்புகிறவன் அதைத் தாண்டி ஒரு மேட்டில்கூட ஏறினதில்லை என்று என் மனைவி வீட்டார் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். ஏற வேண்டிய அவசியம் வரவில்லை. என் வேலை தாளோடு முடிந்துவிடும். காட்மாண்டுவில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் தமேலில் மாடி அறை, ஒரு மேஜை, ஒரு கணினி, நான்கு இழுப்பறை. தடை செய்யப்பட்ட பள்ளத்தாக்குகளுக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்களுக்குப் பர்மிட் எடுத்து, கூடவே ஒரு கைடையும் சேர்த்து அனுப்புவேன். இந்த ஹோம்நாத் சாப்கோட்டா எடுத்துக் கொடுத்த பர்மிட்டில் எழுத்துப் பிழை பார்த்ததாக ஒருவரும் சொல்ல முடியாது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்குத் தேநீர் கொடுப்பதாக இருந்தால் பால் சேர்க்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். பால் சேர்த்தாலும் குடிப்பார், மரியாதைக்காக. இரண்டு வருடத்துக்கு மேலாக என் அறைக்கு வந்து போகிறவர், அவர் பழக்கம் எனக்குத் தெரியும். பெயர் வெய்க்கோ ரவுதியோ. பின்லாந்தில் பேருந்து ஓட்டியவர். அவர் மகள் சைமி விஷயமாகத்தான் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்திருக்கிறீர்கள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. ஏன் ஆயிற்று என்பதுதான் தெரியாது. அதை நான் சொல்கிறேன். ஆனால் வரிசையாகச் சொல்ல விடுங்கள். நடுவில் குதித்தால் நான் ஏதோ கெட்டவன் போலத் தெரிந்துவிடும்.

முதலில் விதி. அந்தப் பள்ளத்தாக்குகளுக்கு வெளிநாட்டுக்காரர் தனியாகப் போக முடியாது. பதிவு பெற்ற நிறுவனம் வேண்டும், உள்ளூர்க் கைடு வேண்டும், குறைந்தது இரண்டு பேர் வேண்டும். கைடு அந்த இரண்டில் சேர்த்தி இல்லை. ஆனால் மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தனியாகத்தான் வருகிறார்கள். மனிதர்களிடமிருந்து தப்பித்துக்கொள்ளத்தானே அவ்வளவு தூரம் வருகிறார்கள்? அவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? அதனால் இரண்டாவது பெயர் என்று ஒன்றை வைத்துக்கொள்வோம். முன்பு வந்து போன யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட் நகலும் புகைப்படமும். பர்மிட்டில் இரண்டு பெயர் இருக்கும், பாதையில் ஒருவர் நடப்பார். என் மூன்றாவது இழுப்பறை முழுக்க அந்த நகல்கள்தான்.

செக்போஸ்டில் கைடு பர்மிட்டைக் காட்டுவான். இன்னொருவர் எங்கே என்று கேட்டால் எல்லாக் கைடும் ஒரே பதிலைத்தான் சொல்வான்: "வயிறு சரியில்ல சார், பின்னால மெதுவா வர்றாரு." காவலர் தலையாட்டிவிட்டுப் பதிவேட்டில் இரண்டு பெயரையும் எழுதுவார். அவருக்கும் தெரியும். அவருக்கும் குளிர்கிறது, அவரும் அடுப்புப் பக்கம் போக வேண்டும். பர்மிட் எப்போதும் கைடின் பையில்தான் இருக்கும், பயணியின் கைக்குப் போகாது. தன்னோடு இன்னொருவர் நடக்கிறார் என்பதே பயணிக்குத் தெரியாமல் போய்விடும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு. நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள், ஆனால் இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள், உங்கள் எதிரில் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

சைமி வந்தது இரண்டரை வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில். இருபத்தாறு வயது. வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தாள். இத்தனை வருடத்தில் என் அறைக்குள் அப்படி வந்த வெளிநாட்டுக்காரி அவள் ஒருத்திதான். படகு செய்யும் பட்டறையில் தச்சு வேலை பார்ப்பதாகச் சொன்னாள். நான் அவள் பாஸ்போர்ட்டை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது என் மேஜை ஆடுவதைக் கவனித்திருக்கிறாள். ஒரு மரத்துண்டை எடுத்து, பேனாக்கத்தியால் சீவி, காலுக்கு அடியில் அடித்து இறக்கினாள். மேஜை இன்றும் ஆடுவதில்லை. நல்ல பெண், சார். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

தார்ச்சுங் பள்ளத்தாக்குக்குத் தனியாகப் போக வேண்டும் என்றாள். இரண்டாவது பெயராக ஒரு ஜெர்மன்காரரைச் சேர்த்தேன். அவர் அதற்கு ஒரு வாரம் முன்பே ஊருக்கு விமானம் ஏறியிருந்தார். கைடாக ரேஷம் மகரை அனுப்பினேன். முப்பத்தொரு வயது, என்னிடம் ஏழு வருடம் வேலை பார்த்தவன், கெட்ட பழக்கம் கிடையாது, கொஞ்சம் அழுமூஞ்சி.

ஆறாம் நாள், திங்கட்கிழமை காலை, லாப்ஜேயிலிருந்து போன் வந்தது. லாப்ஜே அந்தப் பள்ளத்தாக்கின் கடைசிக் குடியிருப்பு. யாங்சென் என்பவள் அங்கே தங்கும் விடுதி நடத்துகிறாள். அவள் வீட்டில் மட்டும்தான் போன், அதுவும் காற்றடித்தால் வேலை செய்யாது.

"அண்ணே, ரேஷம் பேசறேன். பொண்ணு பனியில வழுக்கி விழுந்துட்டாண்ணே. தொடை எலும்பு போச்சு. கட்டை வச்சுக் கட்டியிருக்கேன். குதிரையில ஏத்த முடியாது. ஹெலிகாப்டர் அனுப்புங்க."

"நினைவு இருக்கா?"

"இருக்கு. வலி தாங்கல, ஆனா நல்லாப் பேசறா. இந்தாங்க, அவகிட்டயே குடுக்கறேன்."

அவள் குரல் மெல்லியதாக இருந்தது. "மிஸ்டர் ஹோம்நாத், மன்னிச்சுக்குங்க. உங்களுக்கு வீண் தொல்லை குடுக்கறேன்" என்றாள். எப்படி வளர்த்திருக்கிறார்கள் பாருங்கள். "எங்கப்பாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பயப்பட வேணாம்னு சொல்லுங்க" என்று எண்ணைச் சொன்னாள். எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டினேன். ஓர் இலக்கம் தவறாக எழுதியிருந்தேன், அவள் திருத்தினாள். அந்தக் காகிதம் அவள் கோப்பிலேயே இருக்கிறது, நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். நான் எதையும் கிழித்துப்போடுகிறவன் இல்லை.

கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால், ஹெலிகாப்டர் விஷயம் முடிவாகாமல் ஒரு தகப்பனிடம் என்ன சொல்வது? பாதிச் செய்தி சொல்லிப் பதற வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஹெலிகாப்டர் என்பது டாக்சி இல்லை. நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும், பர்மிட்டின் நகல் போக வேண்டும், காப்பீட்டுக்காரர்கள் கேள்வி கேட்பார்கள், செக்போஸ்டுக்குத் தகவல் போகும். பர்மிட்டில் இரண்டு பேர், இன்னொருவர் எங்கே என்பார்கள். வயிறு சரியில்லை என்ற பதில் ஹெலிகாப்டர் முன்னால் நிற்காது. அந்த ஜெர்மன்காரர் நாட்டைவிட்டே போய்விட்டார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். என் உரிமம் ரத்தாகும். அந்த வாரம் என் பர்மிட்டில் ஐந்து பள்ளத்தாக்குகளில் இருபத்தாறு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் பாதி வழியில் நிறுத்தியிருப்பார்கள். சிலர் வருடக்கணக்கில் விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தவர்கள். ஒரு முடிவெடுக்கிற இடத்தில் இருப்பவன் எல்லோரையும் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

ரேஷமிடம் சொன்னேன்: "பேப்பரை எடுத்துக்கிட்டு செக்போஸ்டுக்கு இறங்கு. அந்த ஜெர்மன்காரன் வெளிய போயிட்டதா எழுத வை. எழுதினதும் எனக்குப் போன் பண்ணு. அடுத்த நிமிஷம் ஹெலிகாப்டருக்குச் சொல்லிடறேன்."

"ஒன்றரை நாள் ஆகும்ணே. அவளைத் தனியாவா விட்டுட்டுப் போறது?"

"யாங்சென் இருக்காள்ல?"

"யாங்சென் அக்கா வீட்டைப் பூட்டற நேரம்ணே இது. ஊரே குளிருக்குக் கீழ இறங்கிடுச்சு. இவங்க ஒருத்தர்தான் எங்களுக்காக நின்னாங்க."

"இன்னும் ரெண்டு நாள் நிக்கச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லு."

அவன் ஓட்டமாகவே இறங்கியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை மதியமே சிம்ரே செக்போஸ்டிலிருந்து கூப்பிட்டான். மூச்சு இரைத்தது.

"அண்ணே, தப்பாயிடுச்சு. ஒருத்தரை மட்டும் வெளிய எழுத முடியாதாம். ஒரே பேப்பர்ல வந்தா ஒரே பேப்பராத்தான் போகணுமாம். நாளைக்கு லட்சுமி பூஜை, அவன் ஊருக்குப் போக மூட்டையைக் கட்டிக்கிட்டு நிக்கறான். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு பேரையும் வெளிய எழுதி, சீல் குத்திட்டான். இப்ப பொண்ணும் வெளிய வந்துட்டதா ஆயிடுச்சு."

இந்த இடத்தை நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ள வேண்டும், சார். பேனா மை மங்குகிறது, என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை என்னிடம் இருந்தது சின்னச் சிக்கல்: இல்லாத ஒருவர் உள்ளே இருப்பதாகத் தாள் சொன்னது. அதற்குப் பழக்கம் உண்டு, சமாளித்துவிடலாம். செவ்வாய்க்கிழமை சிக்கல் தலைகீழாகிவிட்டது. உள்ளே இருக்கிற ஒருத்தி வெளியே போய்விட்டதாக அரசாங்கச் சீல் சொல்கிறது. வெளியே போனவளுக்கு எப்படி ஹெலிகாப்டர் கேட்பது? எந்தப் பர்மிட்டின் நகலை வைப்பது? புதுப் பர்மிட் எடுத்தால்தான் அவள் மறுபடி அங்கே இருக்க முடியும். புதன் லட்சுமி பூஜை, வியாழன் கோவர்த்தன பூஜை, வெள்ளி அக்கா தங்கைகள் திலகம் வைக்கிற பாய் டீகா, சனி வாராந்திர விடுமுறை. திஹார் பண்டிகை முடிந்து பர்மிட் அலுவலகம் திறப்பது ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு. நான் வைத்த விடுமுறையா அது?

"நான் திரும்ப மேல போறேன்ணே" என்றான் ரேஷம்.

"உன் பேரும் வெளிய எழுதியாச்சு. பேப்பர் இல்லாம உள்ள போனா கைடு அட்டையைப் பிடுங்கிடுவாங்க."

"அப்ப போலீஸ்காரங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லு. பொண்ணு மேல கிடக்கும்போது எதுக்குடா கீழ சீல் குத்த வச்சேன்னு உன்னைத்தான் முதல்ல கேப்பாங்க. காலை ஒடிச்சதே நீதான்னாகூடச் சொல்லுவாங்க. வீட்டுக்குப் போ. உனக்கு ரெண்டு அக்கா இருக்காங்க, திலகம் வைக்கக் காத்துக்கிட்டிருப்பாங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவன் அழுதான். முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை போனில் அழுவதைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது. தை மாதம் அவனுக்குக் கத்தாரில் வேலை ஏற்பாடு செய்து கொடுத்தேன், எல்லாத் தாளும் நானே தயார் செய்தேன். வருடா வருடம் தசைன் பண்டிகைக்குக் கூப்பிட்டு நலம் விசாரிப்பான். அதைத் தவிர ஒன்றும் கேட்கமாட்டான். நன்றியுள்ளவன்.

வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் அலுவலகம் போனேன், அதை யாரும் மறுக்க முடியாது. ஒன்பதரைக்கே வரிசையில் நின்றேன். ஆனால் காலையிலிருந்து யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. கீழிருந்து யாராவது ஏறிப்போய் அவளைத் தூக்கி வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. மலைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். வேறு மூன்று பேருடைய பர்மிட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மார்கழிக் கடைசியில் வெய்க்கோ வந்தார். மகளைப் போலவே வாசலில் செருப்பைக் கழற்றினார். எனக்கு அவர் யாரென்று சொல்லாமலே தெரிந்துவிட்டது. செக்போஸ்டின் பதிவேடு அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்றரை மணி, சைமி ரவுதியோ, வெளியே. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினார். தார்ச்சுங்கில் யாரும் தேடவில்லை, வெளியே வந்தவளை அங்கே ஏன் தேடப்போகிறார்கள்? காட்மாண்டுவிலும் பொக்கராவிலும் தேடினார்கள். காணவில்லை என்ற நோட்டீஸை நான்தான் நேபாளியில் எழுதிக் கொடுத்தேன். அச்சகத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். வரும்போதெல்லாம் என் மேஜைக்கு எதிரில்தான் உட்காருவார். ஒருநாள் குனிந்து அந்த மரத்துண்டைப் பார்த்துவிட்டார். இது யார் செய்தது என்று கேட்டார். சொன்னேன். வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பால் சேர்க்காத தேநீர் வரவழைத்தேன்.

அடுத்த வசந்தத்தில் ஒரு கனடாக்காரர் மேற்கே ஒரு பள்ளத்தாக்குக்குத் தனியாகப் போக வந்தார். இரண்டாவது பெயர் வேண்டும். இழுப்பறையைத் திறந்தேன், மேலாக இருந்த நகலை எடுத்தேன். சைமியுடையது. பாஸ்போர்ட்டுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது, புகைப்படம் தெளிவு, விசாவின் தேதியைக் கணினியில் மாற்றுவது ஐந்து நிமிட வேலை. சத்தியமாக அந்த முதல் தடவை நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கை போன போக்கில் எடுத்ததுதான். இந்த நாட்டில் ஒரு பதிவேட்டையும் இன்னொரு பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் யாருமில்லை. இருந்திருந்தால் நான் பத்தொன்பது வருடம் தொழில் செய்திருக்க முடியாது.

ஆனால் இந்தப் பெயருக்கு நோட்டீஸ் போயிருந்தது. மேற்கே ஒரு செக்போஸ்டில் யாரோ கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். பின்லாந்திலிருந்து வெய்க்கோ என்னைக் கூப்பிட்டார். அந்த மனிதர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மிஸ்டர் ஹோம்நாத், அவ நடக்கறா! எங்கேயோ நடந்துக்கிட்டுதான் இருக்கா. எங்க மேல ஏதோ கோபம், அவ்வளவுதான்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள்? ஒரு தகப்பனின் சிரிப்பைப் பிடுங்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு தெரிந்தேதான் எடுத்தேன். மொத்தம் ஒன்பது பர்மிட். அவள் வடக்கே போனாள், கிழக்கே போனாள், மழைக்காலம் முடிந்ததும் மறுபடி மேற்கே போனாள். ஒவ்வொரு தடவையும் வெய்க்கோ விமானம் ஏறி வந்து, நோட்டுப் புத்தகத்தில் தேதியைக் குறித்துக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கின் அடிவாரத்து ஊருக்கு ஓடுவார். எப்போதும் ஒரு மாதம் பிந்திவிடும். பர்மிட் உங்கள் அறையில் எடுத்ததுதானே என்று கேட்டபோது, ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறாள், நேரில் வருவதில்லை என்றேன். கைடுகளைத் தேடிப்பிடித்து எப்படி இருந்தாள், இளைத்திருந்தாளா என்று கேட்பார். அவர்கள் என்ன சொல்வார்கள்? வயிறு சரியில்லாமல் பின்னால் வந்தாள், நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பார்கள். அதைக் கேட்டு அவர் வயிற்று மாத்திரை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

அவருடைய மனைவி இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பினாள், சைமி என் அறைக்கு வந்தால் கொடுத்துவிடச் சொல்லி. கூடவே ஒரு கடிதம். திரும்பி வரச் சொல்ல மாட்டோம், எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல் என்று எழுதியிருந்ததாக வெய்க்கோ சொன்னார். கடிதத்தை நான் பிரிக்கவில்லை, அது தனிப்பட்ட விஷயம். காலுறை என் மனைவிக்குச் சரியாக இருந்தது. கெட்டியான பின்னல், இரண்டு குளிர்காலம் தாங்கிவிட்டது.

போன மாதம் வெய்க்கோ வந்து, தார்ச்சுங்குக்குப் போக வேண்டும் என்றார்.

"எல்லாப் பள்ளத்தாக்குக்கும் போறா. அங்க மட்டும் திரும்பப் போகவே இல்ல. ஏன்னு தெரியல. அவ நடந்த முதல் பாதையில நான் ஒரு தடவை நடந்து பாக்கணும்."

அவர் தனி ஆள். இரண்டாவது பெயர் வேண்டும். நான் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்து கொடுப்பார்கள், அதைவிட எனக்குத் தெரிந்த கைடோடு நடப்பதே நல்லது என்று நினைத்தேன். புத்தி தாமாங் என்ற கைடைக் கூட அனுப்பினேன். லாப்ஜேக்கு இரண்டு ஊர் முன்னாலேயே பாதை மூடிவிட்டது என்று சொல்லித் திருப்பிவிடச் சொன்னேன். பர்மிட்டில் சைமியைப் போட்டேன்.

உங்கள் கண்ணைப் பார்த்தால் தெரிகிறது, நான் வேண்டுமென்றே குரூரம் செய்ததாக நினைக்கிறீர்கள். இல்லை. அது தொழில் பழக்கம். ஒரே குடும்பப் பெயர் இரண்டு வந்தால் அலுவலகத்தில் கேள்வியே கேட்கமாட்டார்கள். தகப்பனும் மகளும், ரவுதியோவும் ரவுதியோவும். இவ்வளவு பொருத்தமான ஜோடி என் இழுப்பறையில் வேறு கிடையாது. அதோடு, தாளிலாவது இருவரும் சேர்ந்து போகட்டும் என்று ஒரு நல்லெண்ணமும் இருந்தது. பர்மிட் எப்படியும் கைடின் பையைவிட்டு வெளியே வராது.

சிம்ரேயில் புதிதாக வந்த காவலர். இரண்டு பெயரையும் உரக்கப் படித்திருக்கிறார், இளைஞர்களுக்கு அந்த உற்சாகம் உண்டு. வெய்க்கோ தாளை வாங்கிப் பார்த்தார். தன் புகைப்படத்துக்குப் பக்கத்தில் மகளின் புகைப்படம். இது என்ன என்று புத்தியைக் கேட்டார். புத்திக்கு ஒன்றும் தெரியாது, பாவம். எல்லாக் கைடும் சொல்வதைத்தான் சொன்னான்.

"வயிறு சரியில்ல சார். பின்னால மெதுவா வர்றாங்க."

வெய்க்கோ செக்போஸ்டின் படியில் உட்கார்ந்துவிட்டார். ஏறி வந்த பாதையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். இருட்டிய பிறகு உள்ளே கூப்பிட்டார்கள், வரவில்லை. பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கையில் வைத்திருந்தார் என்று புத்தி சொன்னான். இரண்டு நாள். கீழே யாராவது திருப்பத்தில் தெரிந்தால் எழுந்து நிற்பாராம். மூன்றாம் நாள் காலையில் எழுந்து மேலே நடக்க ஆரம்பித்தார். புத்தி பாதை மூடிவிட்டது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவர் நிற்கவில்லை.

லாப்ஜேயில் யாங்சென் குளிர்காலம் முடிந்து விடுதியைத் திறந்திருந்தாள். கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவளிடம் அவர் பர்மிட்டை நீட்டி, அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவரை வீட்டுக்குப் பின்னால் யாக் மாட்டுப் பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஓர் ஆள் நீளத்துக்குக் கற்கள் அடுக்கப்பட்டிருந்தன.

மீதி உங்களுக்கு யாங்சென் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் நான் மறுக்கவில்லை. இப்போது அந்த வெள்ளிக்கிழமை.

பாய் டீகாவுக்கு பக்தபூரில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வருடம் தவறியதில்லை. என்னைச் சுற்றி எண்ணெயால் வட்டம் போட்டாள், வாசலில் வால்நட்டை வைத்து ஒரே அடியில் உடைத்தாள், தம்பியை அழைத்துப்போக வருகிற யமன் அந்த ஓட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காக. ஏழு வண்ணத் திலகம் நெற்றியில் ஈரமாக இருந்தது. அப்போது போன் அடித்தது. ரேஷம் என் எண்ணை யாங்சென் வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இன்னும் இருக்கும், போய்ப் பாருங்கள்.

"யாரு, பர்மிட் எடுக்கற அண்ணனா? நான் லாப்ஜே யாங்சென் பேசறேன். நாலு நாளா வானத்தைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. ஹெலிகாப்டர் எப்ப வரும்ணே? பொண்ணுக்குக் காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது. இன்னிக்குக் கொஞ்சம் தண்ணி குடிச்சுது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. இப்ப வந்தாக்கூடப் பொழைச்சுக்கும்."

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

"என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? ரேஷம் கூட்டிட்டு வந்த பொண்ணு. கால் ஒடிஞ்ச பொண்ணு."

"அந்தப் பொண்ணு செவ்வாய்க்கிழமையே கீழ இறங்கிடுச்சு. செக்போஸ்ட்ல எழுதியிருக்கு. சீல் இருக்கு."

காற்று இரைச்சலுக்கு மேல் அவள் கத்தினாள்.

"அப்ப என் வீட்டுல படுத்திருக்கறது யாரு?"

"பர்மிட் இல்லாத ஆளு. பர்மிட் இல்லாத வெளிநாட்டுக்காரியை வீட்டுல வச்சிருந்தா விடுதியை மூடி உன்னை உள்ள தள்ளுவாங்க. யார்கிட்டயும் வாயைத் திறக்காத. இந்த நம்பருக்கு இனிமே கூப்பிடாத."

அவள் மறுபடி மூன்று தடவை கூப்பிட்டாள். நான் போனை அணைத்துவிட்டேன். யார் என்று அக்கா கேட்டாள், அலுவலக விஷயம் என்றேன். பிறகு அவள் பண்டிகைக்குச் சுட்ட ஸேல் ரொட்டி சாப்பிட்டோம். யாங்சென் அந்தப் பெண்ணைவிட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில் முடிந்தது என்று சொல்கிறாள். அலுவலகம் திறந்த நேரம். என் தாளின்படி அவள் செவ்வாய்க்கிழமையே வெளியே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என் பயணி இல்லை. இதைச் சட்டம் எப்படிப் பார்க்குமோ தெரியாது, நான் அப்படித்தான் பார்த்தேன். அவளைக் காப்பாற்றியிருக்கலாம், சார். ஒரு போன். நான் செய்யவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. வெய்க்கோ மகளைக் கொண்டுவர மறுபடி மேலே போக வேண்டும். போன பர்மிட் காலாவதியாகிவிட்டது, புதிது எடுக்க வேண்டும், துக்கத்தோடு போகிறவருக்கும் விதி விதிதான், இரண்டு பெயர் கேட்பார்கள். யாரோ தெரியாதவன் பெயரைச் சேர்த்து அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். என் மூன்றாவது இழுப்பறையில் மேலாகவே அவள் நகல் இருக்கிறது, நாளைக் காலையில் ஒரு மணி நேரம் என்னை விட்டீர்களானால் நானே முடித்துக் கொடுத்துவிடுவேன். திரும்பும்போது இருவரும் சேர்ந்துதான் இறங்குவார்கள். இந்த ஒரு தடவை பதிவேடு சரியாக இருக்கும்.